டீச்சர் உப்புப் பார்த்த கதை

கரண்டியை மூக்குக்குப் பக்கத்தில் பிடித்துக்கொண்டு, ஆவிக்கு நடுவே டீச்சர் நின்ற அந்த நிற்பு இன்னும் என் கண்ணை விட்டுப் போகவில்லை. மூன்று வருடத்துக்கு முந்திய ரமலானின் முதல் நோன்பு அது. அமெரிக்காவில், ஜெர்சி சிட்டியில் மணிக்கணக்கில் வாடகைக்கு விடுகிற சமையல் கூடத்தில் எனக்கு ஒரு அடுப்பு, அவருக்குப் பக்கத்து அடுப்பு. யாழ்ப்பாணத்தில் கணக்கு டீச்சராக இருந்தவர், வேதக்காரர், ஞாயிறு தவறாமல் சர்ச்சுக்குப் போகிறவர். இங்கே வந்து மட்டன் ரோல் செய்து விற்றுக்கொண்டிருந்தார். நான் படித்தது மூன்றாம் வகுப்பு. கூடத்தில் ஒட்டுகிற இங்கிலீஷ் நோட்டீசையெல்லாம் அவர்தான் எனக்கு வாசித்துச் சொல்வார். நான் அவருக்கு இஞ்சி பூண்டு அரைத்துக் கொடுப்பேன்.

எனக்கு அன்றைக்குப் பரீட்சை. பார்சிப்பனிப் பக்கத்தில் ஒரு பள்ளிவாசலில் நோன்பு திறக்க இருநூறு பேருக்குக் கஞ்சி கேட்டிருந்தார்கள். "முதல் நாள் கஞ்சி பிடிச்சா முப்பது நாளும் ஒங்களுக்குத்தான் லாத்தா. இல்லேன்னா போன வருசம் மாதிரி பீட்சாதான்" என்றார் கமிட்டி பாய். அவரும் எங்கள் நாகப்பட்டினத்துக் கரைக்காரர், அங்கே அக்காவுக்கு லாத்தா என்றுதான் சொல்வோம். வீட்டில் மகன், "உம்மா, இந்த வயசுல ஒங்களுக்கு எதுக்கு பிசினஸ்? ரெஸ்ட் எடுங்க" என்று சொல்லிக்கொண்டே இருந்தான். ரெஸ்ட் எடுத்து எடுத்து என் முழங்கால்தான் துருப்பிடித்தது. இந்த முப்பது நாள் கிடைத்தால் நான் தொழில்காரி. கிடைக்காவிட்டால் மறுபடியும் சோபாவில் உட்கார்ந்து ஜன்னலைப் பார்க்க வேண்டியதுதான்.

நோன்புக் கஞ்சியில் ஒரு சங்கடம் உண்டு. ஆக்குகிறவள் நோன்பாளி, ருசி பார்க்க முடியாது. நுனி நாக்கில் வைத்துத் துப்பிவிடலாம் என்று சொல்வார்கள். என் மனம் அதற்கு ஒப்பவில்லை. எங்கள் வீட்டில் நோன்பில்லாத பிள்ளை யாராவது பார்த்துச் சொல்லும். இங்கே எனக்கு டீச்சர் இருந்தார். முதலில் பாதி உப்புப் போடுவது, கொத்துக்கறியும் தேங்காய்ப்பாலும் சேர்ந்து கொதித்த பிறகு டீச்சர் வாயில் வைத்துச் சொன்னால் மீதியைப் போடுவது என்று எங்களுக்குள் பேச்சு. அவர் கரண்டியை எடுத்து மூக்குக்குப் பக்கத்தில் பிடித்தார், எனக்கு முதுகைக் காட்டித் திரும்பினார், "நல்லா இருக்கு" என்றார். அப்படியானால் பாதி உப்பே போதும் என்று நினைத்து, மீதியை டப்பாவிலேயே வைத்து மூடிவிட்டேன்.

இரண்டு அண்டாவையும் அவருடைய வேனில் ஏற்றிக் கிளம்பினோம். ஃப்ரீவேயில் பாதி தூரம் போயிருப்போம். "உப்பு சரியாத்தானே டீச்சர் இருந்துச்சு?" என்று மூன்றாவது தடவையாகக் கேட்டேன். அவர் அடுத்து வந்த வழியில் திருப்பி, ஒரு பெட்ரோல் பங்க் ஓரமாக வேனை நிறுத்தினார். ஸ்டியரிங்கைப் பார்த்துக்கொண்டே சொன்னார்:

"நான் சுவை பாக்கேல்ல. விடிஞ்சதில இருந்து ஒண்டும் வாயில வைக்கேல்ல. நீங்கள் தண்ணியும் குடியாம அடுப்படியில நிக்கேக்க நான் எப்பிடிச் சாப்பிடுறது? வாசம் நல்லா இருந்தது, அதுதான் சொல்லிப்போட்டன்."

எனக்குச் சிரிக்கவா, அழவா என்று தெரியவில்லை. "கணக்கு டீச்சர்தானே நீங்க? இருநூறு பேர் கஞ்சிக்கு மூக்காலயா மார்க் போட்டீங்க?" என்றேன். "இறங்குங்க! மூடியத் திறங்க! இப்பவே வாயில வைங்க!"

வைத்தார். அன்றைக்கு அவர் வயிற்றில் விழுந்த முதல் வாய் அது. பசியிலோ வெட்கத்திலோ, கண் கலங்கிப்போனார். "உப்பே இல்லையக்கா" என்றார்.

உப்போ ஜெர்சி சிட்டியில் டப்பாவில் இருக்கிறது. சூரியனோ எங்களுக்காக நிற்கப்போவதில்லை. பக்கத்தில் ஒரு பர்கர் கடை தெரிந்தது. டீச்சர் ஓடினார், அப்படியொரு ஓட்டம்! சும்மா உப்புக் கேட்க முகமில்லாமல் ஒரு பொட்டலம் உருளைக்கிழங்கு வறுவல் வாங்கிக்கொண்டு, சின்னச் சின்னக் காகிதப் பொட்டலமாக இரண்டு கை நிறைய உப்போடு வந்தார். வேனின் பின்கதவைத் திறந்து வைத்து, பல்லால் கிழித்தால் உப்பு நாக்கில் பட்டு நோன்பு போய்விடுமோ என்று நான் விரலால் கிழிக்கக் கிழிக்க, அவர் அகப்பையால் துழாவினார். ஒரு வாய் குடித்தார்.

"இன்னும்."

கிழித்தேன்.

"இன்னும் கொஞ்சம்."

பெட்ரோல் போட வந்தவர்கள் காரை விட்டு இறங்கியே வேடிக்கை பார்த்தார்கள்.

"காணும், காணும்! இனிப் போட்டா கடல் தண்ணி!" காணும் என்றால் அவர்கள் ஊரில் போதும். அடுத்த அண்டாவுக்கும் அதே பாடு. மூடியை அழுத்திக்கொண்டு நான் பின்னாலேயே உட்கார, பள்ளிவாசலுக்கு வேன் பறந்தது.

பாங்கு சொல்லச் சில நிமிடம் இருக்கும்போது கஞ்சி கோப்பையில் இறங்கியது. நோன்பு திறந்தார்கள். பேரீச்சம்பழத்தை வாயில் போட்ட நான் மெல்லவில்லை, கமிட்டி பாயின் முகத்தையே பார்த்தேன். அவர் குடித்தார், வழித்தார், கோப்பையை நீட்டினார். "நம்ம ஊர்க் கஞ்சி லாத்தா! முப்பது நாளும் இதே கைதான் ஆக்கணும்."

"கை மட்டும் போதாது பாய்" என்று வாசலில் நின்ற டீச்சரைக் காட்டினேன். "இந்த நாக்கும் சேந்துதான் வரும்."

மறுநாள் மத்தியானம் சமையல் கூடத்தில் நான் செய்த முதல் வேலை, இடியப்பமும் சொதியும் ஆக்கி டீச்சரை உட்கார வைத்தது. "நீங்கள் பாத்துக்கொண்டிருக்க எனக்குத் தொண்டையில இறங்காது" என்றார். "இறங்கணும். இது விருந்தில்ல டீச்சர், வேலை" என்றேன். தலையைக் குனிந்துகொண்டு சாப்பிட்டார். கடை நடத்த மகன் எனக்கு எத்தனையோ யோசனை சொல்கிறான். நான் கற்றுக்கொண்டது அந்த ஒரு சாப்பாட்டில்தான். மரியாதைக்காக நம்மிடம் ஒருவர் நல்லா இருக்கு என்று சொன்னால், அவரைக் குறை சொல்லிப் பயனில்லை. நல்லா இல்லை என்று சொல்ல அவருக்கு நாம்தான் தைரியமும் சோறும் போட வேண்டும்.

இப்போது பார்சிப்பனியில் எங்களுக்கென்றே ஒரு சமையல் கூடம் இருக்கிறது, இரண்டு பேர் பெயரும் போட்டு. டீச்சருக்குக் கூச்சமெல்லாம் போய்விட்டது. இந்த நோன்பில் ஒரு நாள், நல்ல மத்தியானம், வேலை செய்கிற பெண்கள் எல்லாரும் பார்த்துக்கொண்டிருக்க, ஒரு கரண்டி கஞ்சி வாயில் வைத்தவர் முகத்தைச் சுளித்தார். "அடிப்பிடிச்சிட்டுது. வெளியில அனுப்பேலாது. முழுக்க ஊத்துங்கோ."

"முழுசுமா டீச்சர்?"

"முழுக்க."

ஊற்றினேன். அவ்வளவு அரிசியும் கறியும் போகிறதே என்று பெண்கள் வாயைப் பிளந்தார்கள். எனக்கானால் சந்தோஷம் தாங்கவில்லை. அண்டாவைத் தேய்த்துக் கவிழ்த்துவிட்டு, புது அரிசியைக் களைந்து உலையில் போட்டேன்.