முனியசாமி நிறுத்தம்

அருப்புக்கோட்டையிலிருந்து திருச்சுழி போகும் எட்டேகால் மணி பஸ், மனிதர்களுக்காக நின்று ஸ்டெல்லா டீச்சர் பார்த்ததில்லை. ரோட்டோரம் கையை நீட்டினால், டிரைவர் பொன்ராஜும் ஜன்னலுக்கு வெளியே கையை நீட்டி, பின்னால் இன்னொன்று வருகிறது என்று காட்டிவிட்டுப் போய்விடுவார். பின்னால் வருவது பத்தரைக்கு வரும்.

ஆனால் முனியசாமிக்கு அந்த பஸ் நிற்கும். டீச்சரின் ஊருக்கு ரோடு பிரியும் விலக்கில் வேப்பமரத்தடியில் சின்னக் கோயில். பூசாரி சோணைமுத்து விபூதித் தட்டோடு ரோட்டோரம் வந்து நிற்பார். பொன்ராஜ் பிரேக்கை மிதித்து, ஜன்னல் வழியாக ஒரு சிட்டிகை எடுத்து நெற்றியில் ஒரு கோடும் ஸ்டியரிங்கில் ஒரு கோடும் இழுக்க அரை நிமிஷம் ஆகும். அதற்குள் பின்படியில் தொற்றிக்கொள்ள வேண்டும். திருச்சுழிக்கு முந்திய ஊர் ஆரம்பப் பள்ளிக்கு 1986இல் வேலை கிடைத்துப் போன முதல் வாரத்திலேயே டீச்சர் இதைக் கற்றுக்கொண்டுவிட்டார்.

வேறு வழி பார்க்காமல் இல்லை. மில்லில் வேலை பார்க்கும் கணவர் சாம்ராஜ் ஒருநாள் சைக்கிள் கேரியரில் கொண்டுபோய் விடுவதாகச் சொல்லிக் கிளம்பினார். மூன்றாவது மைலில் கருவேல முள் முன் டயரிலும், நாலாவது மைலில் பின் டயரிலும் ஏறியது. மிச்ச தூரத்துக்கு இருவரும் சேர்ந்து சைக்கிளைக் கொண்டுபோய் விட்டார்கள். இன்னொரு நாள் கரிமூட்டை ஏற்றிய லாரியில் போய் இறங்கினார். வெள்ளைச் சேலை அன்றைக்கு என்ன நிறம் என்று மூன்றாம் வகுப்பு ஆளுக்கொரு பதில் சொன்னது.

இப்படிப் பிந்தியதற்கு இரண்டு மெமோ வாங்கியாயிற்று. வேலை நிரந்தரமாவதற்கு முந்தைய இரண்டு வருஷம் முடிகிற மாதத்தில், வருகிற வியாழக்கிழமை காலை ஒன்பதரைக்கு ஆய்வு என்று அதிகாரியிடமிருந்து தபால் வந்தது. மூன்றாவது தடவையும் பிந்தினால் வேலை நிலைக்காது. புதன் இரவு டீச்சர் முழங்காலில் நின்று வெகுநேரம் ஜெபம் பண்ணினார். ஜெபத்தில் பஸ்ஸும் வந்தது.

வியாழக்கிழமை ஏழரைக்கே விலக்குக்கு வந்துவிட்டார். கருவாட்டுக் கூடையோடு மூக்கம்மாள் உட்கார்ந்திருந்தாள். மணி எட்டைத் தாண்டியும் பூசாரியைக் காணோம். மல்லாங்கிணறு பக்கம் மகள் வீட்டுக்கு நேற்றுப் போனவர் இன்னும் திரும்பவில்லை என்றாள் மூக்கம்மாள். எட்டேகால் பஸ் அங்கே வந்து சேர இன்னும் பத்து நிமிஷம்கூட இல்லை.

"தட்டு சாமிக்குப் பின்னாடிதான் இருக்கு. எடுத்துட்டு வந்து நில்லுங்க, டீச்சர்."

டீச்சர் தன்னைத்தான் சொல்கிறாளா என்று திரும்பிப் பார்த்தார். நீயே எடுத்து நில்லேன் என்றார்.

"நான் கருவாடு தொட்ட கை. நீங்க குளிச்சு முழுகி நிக்கிறீக."

"நான் வேதக்காரியாச்சே, மூக்கம்மா."

"முனியசாமி அதெல்லாம் ஒண்ணும் கேக்க மாட்டாரு. பொன்ராசுதான் நிக்க மாட்டான்."

அது மட்டுமில்லை. வியாழக்கிழமைதோறும் சபை உபதேசியார் சுவாமிதாஸ் அதே பஸ்ஸில்தான் ஜெபக்கூட்டத்துக்குப் போவார். அதை டீச்சர் நினைத்துக்கொண்டு நிற்கையில் மேற்கே புழுதி கிளம்பியது. அப்புறம் நினைக்கவில்லை. செருப்பைக் கழற்றிவிட்டு ஓடிப்போய்த் தட்டை எடுத்துவந்து, பூசாரி நிற்கும் இடத்திலேயே நின்றார்.

பூசாரியைக் காணாமல் வேகமெடுத்த பஸ், தட்டைக் கண்டதும் கிறீச்சிட்டு நின்றது. பொன்ராஜ் டீச்சரை ஏற இறங்கப் பார்த்தார். விபூதி எடுத்து நெற்றியில் ஒன்று, ஸ்டியரிங்கில் ஒன்று இழுத்தார். டீச்சர் பின்படிக்கு ஓடினார். ஏறி, கண்டக்டர் விசில் ஊதிய பிறகுதான் தட்டு கையிலேயே இருப்பதும், செருப்பு கோயிலிலேயே இருப்பதும் தெரிந்தது.

கால் வைக்க இடமில்லாத பஸ்ஸில் தட்டுக்கு வழி விட்டார்கள். போகிற போக்கில் ஆளாளுக்கு ஒரு சிட்டிகை எடுத்துக்கொண்டார்கள். சாமி தட்டை வைத்துக்கொண்டு ஒருத்தர் நிற்கக் கூடாது என்று ஒரு பெரியவர் எழுந்து இடம் கொடுத்தார். இரண்டு வருஷத்தில் அந்த பஸ்ஸில் டீச்சர் உட்கார்ந்தது அன்றைக்குத்தான். பக்கத்து சீட்டில் உபதேசியார் இருந்தார்.

அவர் நெடுநேரம் ஜன்னலுக்கு வெளியே கருவேலங்காட்டையே பார்த்துக்கொண்டு வந்தார். பிறகு மெதுவாக, "இன்னைக்குத்தான ஆய்வு?" என்றார்.

"ஆமாங்கய்யா."

"போன வாரம் நானும் கைகாட்டி மூணு பஸ்ஸை விட்டவன்தான்" என்று சொல்லிவிட்டு மறுபடியும் காட்டைப் பார்க்க ஆரம்பித்தார்.

ஒன்பது இருபதுக்கு வெறுங்காலோடு டீச்சர் வருகைப் பதிவேட்டில் கையெழுத்துப் போட்டார். ஒன்பதரைக்கு அதிகாரி வரவில்லை. பதினொன்றரைக்குப் புழுதி படிந்த சட்டையோடு நடந்து வந்தார். வழியில் நின்று எட்டேகால் பஸ்ஸுக்குக் கைகாட்டியிருக்கிறார்; டிரைவரும் கைகாட்டியிருக்கிறார். பதிவேட்டைப் பார்த்தார், நேரத்தைப் பார்த்தார், மேஜையிலிருந்த தட்டைப் பார்த்து ஒரு சிட்டிகை பூசிக்கொண்டார். நீங்கள் மட்டும் எப்படி வந்தீர்கள் என்று அவர் கேட்டதற்கு, பஸ்ஸில்தான் சார் என்றார் டீச்சர். வேலை நிரந்தர உத்தரவு அடுத்த மாதம் வந்தது.

அன்று சாயங்காலம் தட்டைக் கொண்டுபோய்க் கொடுத்தபோது சோணைமுத்து கோயில் வாசலில் டீச்சரின் செருப்புக்குக் காவல் இருந்தார். கோபித்துக்கொள்வார் என்று பயந்துதான் டீச்சர் போனார். அவரோ தன் கதையைச் சொல்லித் தீர்க்க ஆள் கிடைக்காமல் இருந்தார்.

"காலையில இருந்து மூணு பஸ்ஸு, டீச்சர். ஒண்ணும் நிக்கலை. அந்த ஊர்ல சாமி ரோட்டைவிட்டு உள்ள தள்ளி இருக்கு."

தட்டைத் துடைத்து வைத்தவர், மகளுக்கு அடுத்த வாரம் வளைகாப்பு என்றும், மறுபடி போகவேண்டியிருக்கும் என்றும் இழுத்தார். "தட்டு இருக்கிற இடம்தான் ஒங்களுக்குத் தெரியுமே" என்றார்.

டீச்சர் செருப்பை மாட்டிக்கொண்டார்.

"வியாழக்கிழமை மட்டும் வேண்டாம், பூசாரி. வேற என்னைக்குன்னாலும் போயிட்டு வாங்க."