அகல லென்ஸில் அப்பாவும் அம்மாவும்

பைக்கை விற்று வாங்கிய அந்த லென்ஸைப் போல என்னை ஏமாற்றிய பொருள் வேறில்லை. பனோரமா ஃபிலிம் கேமராவுக்கென்றே செய்த அகல லென்ஸ். பழையதுதான் கிடைத்தது, அதற்கே யானை விலை. முதலிபாளையம் பனியன் கம்பெனி முதலாளி அதை உருட்டிப் பார்த்துவிட்டு, இதற்குப் பதில் ஓவர்லாக் தையல் மிஷின் வாங்கிப் போட்டிருந்தால் நாலு காசு பார்த்திருக்கலாமே என்று கேலி செய்தார்.

அவருடைய கம்பெனியில்தான் என் அப்பாவும் அம்மாவும் வேலை பார்த்தார்கள். கல்யாணமான கையோடு தூத்துக்குடிப் பக்கமிருந்து வந்தவர்கள். அப்பா கட்டிங், அம்மா பேக்கிங். ஆயுத பூஜையன்று மிஷின்களுக்குப் பொட்டு வைத்து, பொரி கொடுத்து முடித்ததும் எல்லோரையும் நிறுத்தி நான் படம் எடுப்பேன். பனியன் உருவாகிற வரிசையில்தான் நிற்பார்கள். கட்டிங்கில் தொடங்கி, தையல், செக்கிங், அயர்ன் என்று போய் பேக்கிங்கில் முடியும். காம்பவுண்டு சின்னது, பின்னால் நகர இடமில்லை. அதனால் வருஷாவருஷம் இரண்டு படம், ஒன்றில் அப்பா, இன்னொன்றில் அம்மா. வீட்டில் எடுத்த படங்கள் உண்டு. ஆனால் அவர்கள் வாழ்க்கையில் பாதி அந்த ஷெட்டில்தான் போனது, அங்கே இருவரும் ஒரே படத்தில் வேண்டும் என்று எனக்கு ஆசை.

லென்ஸ் வந்த வருஷம் அப்பாவை அம்மா பக்கத்தில் போய் நிற்கச் சொன்னேன். சந்தனத்தைத் துடைத்துக்கொண்டே முறைத்தார்.

“என் செக்‌ஷன் ஆளுகள விட்டுட்டு அங்க போயி நிக்கச் சொல்லுதியா?”

சரி, லென்ஸ்தான் எல்லோரையும் அள்ளிவிடுமே என்று விட்டுவிட்டேன். பொரியை மென்றபடி எல்லோரும் சிரித்த அந்தக் காலை இன்னமும் எனக்கு இனிக்கிறது.

ஃபிலிம் கழுவி வந்ததும் எடுத்துப் பார்த்தேன். நடுவில் நின்றவர்கள் பளிச்சென்று இருந்தார்கள். இரண்டு ஓரமும் இருட்டிக் கிடந்தது, முகங்கள் பக்கவாட்டில் இழுபட்டிருந்தன. ஓரம் இருட்டாமல் இருக்க, நடு வெளிச்சத்தைக் குறைக்கும் ஃபில்டர் ஒன்றைத் தனியாக வாங்கி மாட்ட வேண்டுமாம். விற்றவர் அதைப் பற்றி மூச்சு விடவில்லை. யாருக்காக வாங்கினேனோ அந்த இருவரைத்தான் அது கெடுத்திருந்தது. இடக்கோடியில் அப்பா, வலக்கோடியில் அம்மா. பிரிண்டை அம்மாவிடம் கொடுத்துவிட்டு, அடுத்த வருஷம் அப்பாவைக் கையைப் பிடித்து இழுத்தாவது அம்மா பக்கத்தில் நிறுத்துவதென்று இருந்தேன்.

அடுத்த ஆயுத பூஜைக்கு அப்பா இல்லை. கட்டிங் டேபிளிலேயே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்துவிட்டார்.

போன மாதம் வீட்டுக்குப் போனபோது அம்மா அந்த நீளப் படத்தை மடியில் வைத்திருந்தாள். வேறு நல்ல படம் போட்டுத் தருகிறேன் என்றேன். அவள் முகங்கள் வெளியே தெரியும்படி படத்தைக் குழல் போல வளைத்து, இரண்டு ஓரத்தையும் ஒட்டினாற்போல் சேர்த்துப் பிடித்தாள்.

“இப்பம் பாரு,” என்றாள். “பக்கத்துல வந்து நிக்காரு.”