வண்டிக்கு அடியில் ஒரு பித்தளை வால்வு

எண்பதுகளின் தொடக்கத்தில், ஆம்பூரை ஒட்டிய ஒரு சிற்றூரில் நாங்கள் குடியிருந்தபோது நடந்தது இது. என் கணவர் ஒரு பழைய பிக்கப் வண்டி வைத்திருந்தார். வாலாஜாபேட்டை, திமிரி பக்கம் போய் உப்புப் போட்ட பச்சைத் தோலை ஏற்றிவந்து, அதைப் பதனிடும் ஆம்பூர் டேனரிகளில் இறக்குவதுதான் தொழில். எங்களுக்குச் சோறு போட்டது அந்த வண்டிதான். அதனால் வீட்டில் எனக்கு இருந்த மரியாதையைவிட அதற்கு மரியாதை ஜாஸ்தி.

என் அண்ணன் துபாயில் ஒரு மோட்டார் ஒர்க் ஷாப்பில் வேலை பார்த்தார். ஒருமுறை விடுமுறையில் வந்திருந்தபோது என் கணவர் இன்ஜின் ஆயில் மாற்றுவதைப் பார்த்தார். வண்டிக்கு அடியில் மல்லாந்து படுத்து, பழைய எண்ணெயை வடிக்கும் துளையின் ப்ளக்கைக் கழற்றியதும், சூடான எண்ணெய் கையில் வழிந்து கொப்பளம் போட்டுவிட்டது. "இன்னா மாப்ள இது, ஒவ்வொரு வாட்டியும் இப்படித்தான் சுட்டுக்கறீங்களா?" என்று அண்ணன் பதறிப்போனார். அன்றே அந்த ப்ளக்கின் அளவை எடுத்துவைத்துக்கொண்டார்.

அடுத்த முறை வரும்போது ஒரு பித்தளை வால்வு கொண்டுவந்தார். ப்ளக் இருந்த இடத்தில் அதைப் பொருத்திவிட்டால், சின்னக் கைப்பிடியைத் தூக்கித் திருப்பியதும் எண்ணெய் தானாக டப்பாவில் இறங்கிவிடும். கை சுடாது, ஸ்பேனர் வேண்டாம். கைப்பிடி ஓட்டத்தில் நகர்ந்துவிடாமல் ஒரு ஸ்பிரிங் அதை அழுத்திப் பிடித்துக்கொண்டிருக்கும். அண்ணன் தானே வண்டிக்கு அடியில் படுத்து அதை மாட்டினார். வெளியே வந்ததும் கையைத் துடைத்துக்கொண்டே சொன்னார்: "வால்வு பித்தளை, ஒண்ணும் ஆவாது மாப்ள. ஸ்பிரிங்தான் இரும்பு. தோல்ல இருந்து வடியற உப்புத்தண்ணி பட்டா தின்னுடும். லோடு எறக்கினதும் அடியில தண்ணி அடிச்சுடுங்க, அது போதும்."

நான் டீ டம்ளரோடு பக்கத்தில்தான் நின்றேன். என் கணவரும் "சரி மச்சான்" என்று தலையாட்டினார்.

அப்புறம் அவருக்குக் கால் தரையில் நிற்கவில்லை. மற்ற டிரைவர்களைக் கூட்டிவந்து, குனியவைத்து, "மச்சான் துபாய்ல இருந்து கொண்டாந்தது" என்று காட்டுவார். தண்ணீர் அடிப்பது மட்டும் கொஞ்ச நாளில் நின்றுபோனது. நான் ஞாபகப்படுத்தினால், "வண்டி ஓட்றது நானா நீயா?" என்பார்.

என் மகளுக்குக் காது குத்தத் தாய்மாமன் வரட்டும் என்று காத்திருந்தோம். அண்ணன் அதற்கென்றே லீவு சொல்லி, தேதியும் எழுதிவிட்டார். அவர் வந்து இறங்கிய வாரம்தான், பாலாற்றங்கரை மண் பாதையில் லோடோடு வந்த வண்டி நின்றுபோனது. எண்ணெய் முழுக்க வழியிலேயே கொட்டி, இன்ஜின் இறுகிவிட்டது. எண்ணெய் இல்லை என்று காட்டவேண்டிய சிவப்பு விளக்கு ஃப்யூஸ் போய் வெகு நாளாகியிருந்தது. அதையும் அவர் மாற்றவில்லை.

மெக்கானிக் வண்டிக்கு அடியிலிருந்து வெளியே வந்தபோது, சாப்பாட்டுக் கேரியரோடு நான் அங்கே இருந்தேன். அவர் விரலில் ஸ்பிரிங் துருப்பொடியாக உதிர்ந்தது. "உப்பு தின்னுட்டுக்குது. கைப்பிடி லூசாயி, குலுக்கல்ல தொறந்துக்கிச்சு. அடியில கழுவவே மாட்டீங்களா?" என்றார். தப்பு தன்னுடையது என்று தெரிந்த பிறகுதான் சில மனிதர்களுக்குக் கோபம் ஜாஸ்தியாகிறது. வீட்டுக்கு வந்ததும் என் மாமியாரிடம் அவர் சொன்ன முதல் வார்த்தை, "இவ அண்ணன் மாட்டின வால்வுதான் என் வண்டியைக் கொன்னுடுச்சு" என்பது.

காதுகுத்து அன்று காலையில் முருகன் கோயிலுக்கு அண்ணன் சீர்த்தட்டோடு வந்தார். கம்மல், பட்டுப்பாவாடை, பழம், பூ எல்லாம் இருந்தன. என் கணவர் வழி மறித்து நின்றார். "வண்டிய முடிச்சது போதும். எம் பொண்ணு உங்க மடியில ஒக்கார வேணாம்" என்றார்.

நான் சும்மா இருக்கவில்லை. மெக்கானிக் சொன்னதையும், அண்ணன் முன்பே எச்சரித்ததையும் அத்தனை பேர் முன்னால் சொன்னேன். "ஆம்பளைங்க பேசற எடத்துல உனக்கு இன்னா வேலை?" என்று மாமியார் அதட்டினார். என் கணவர் நான் பேசியதே காதில் விழாதவர் மாதிரி கூட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். உண்மையைத் தெரிந்துகொள்ள அங்கே யாருக்கும் ஆசையில்லை. நல்ல நேரம் முடிவதற்குள் குத்தவேண்டும் என்பதுதான் கவலை.

அண்ணனோ, "விடும்மா, கொழந்த பயந்துக்கப் போவுது" என்று என்னைத்தான் அடக்கினார். என் சித்தப்பா மகனை அவசரமாகப் பிடித்து உட்காரவைத்து, அவன் மடியில் குழந்தைக்குக் காது குத்தினார்கள். அவள் வீறிட்டு அழுதபோது நான் வாசலைப் பார்த்தேன். அண்ணன் தட்டைப் படியில் வைத்துவிட்டு, முகத்தைத் துண்டால் துடைத்துக்கொண்டே போய்க்கொண்டிருந்தார்.

இன்ஜினைச் சரிசெய்ய என் வளையல்கள் போயின. அவையும் அண்ணன் போட்டவைதான். அவர் வீட்டுப் பொருள் நமக்கு ஆகாது என்று அப்போது யாரும் சொல்லவில்லை.

அதற்குப் பிறகு அண்ணன் எங்கள் வீட்டுக்கு வரவேயில்லை. ஊருக்கு வந்தால் ஆம்பூர் பஸ் ஸ்டாண்டில் என்னைப் பார்ப்பார். டீ வாங்கித் தருவார். மகளுக்கென்று ஒரு பையை நீட்டுவார். "மாப்ள நல்லா இருக்காரா?" என்று கேட்காமல் பஸ் ஏறியதில்லை.

எங்களிடம் இப்போது வேறு வண்டி இருக்கிறது. லோடு இறக்கிவிட்டு வந்தால் என் கணவர் நேராக வீட்டுக்குள் வருவதில்லை. குழாயைப் பிடித்துக்கொண்டு வண்டிக்கு அடியில் படுத்து, உப்பு போகும்வரை தண்ணீர் அடிக்கிறார். எத்தனை அசதியானாலும் விடுவதில்லை. யாரும் ஞாபகப்படுத்தவும் வேண்டியதில்லை. சமையலறையில் அந்தத் தண்ணீர்ச் சத்தம் கேட்கும்போதெல்லாம் என் வயிறு எரிகிறது: என் அண்ணன் சொன்னதை இவ்வளவு பயபக்தியோடு செய்கிற மனிதருக்கு, "வீட்டுக்கு வாங்க மச்சான்" என்று ஒரு வார்த்தை சொல்ல மட்டும் இன்றுவரை வாய் வரவில்லையே.