பதினாறு நிறத்தில் ஒரு வெள்ளம்

எங்கள் ஊரில் கம்ப்யூட்டரில் ஆறு வரைந்த முதல் ஆள் நான்தான். அப்போது எனக்குப் பத்து வயது. இதை இன்றுவரை யாரும் மறுத்ததில்லை. யாரிடமும் நான் கேட்டதில்லை என்பது வேறு விஷயம்.

மாமா, அதாவது அம்மாவின் தம்பி, பாளையங்கோட்டையில் ஒரு கம்ப்யூட்டர் சென்டர் வைத்திருந்தார். சென்டர் என்றால் மாடிப்படிக்குக் கீழே ஒரு அறை, அதில் இரண்டு கம்ப்யூட்டர்கள். ஒன்றில் மாமா ஜாதகம் கணித்து அச்சடித்துக் கொடுப்பார். இன்னொன்றில் கல்லூரி மாணவர்கள் வந்து பழகுவார்கள். அவர்கள் வராத நேரமெல்லாம் அது என்னுடையது. பள்ளிக்கூடம் விட்டதும் நேராக அங்கே போய், அம்மா ஆபீஸ் முடிந்து வந்து கூட்டிக்கொண்டு போகும்வரை பெயின்ட் என்ற புரோகிராமில் படம் வரைவேன்.

மற்றவர்கள் மவுஸைப் பிடித்துக் கோடு இழுத்தார்கள். நான் படத்தைப் பெரிதாக்கி, அது கட்டம் கட்டமாகப் பிரிந்து தெரியும்போது ஒவ்வொரு கட்டத்திலும் ஒரு புள்ளி வைப்பேன். அந்தத் திரைக்குத் தெரிந்தது மொத்தமே பதினாறு நிறங்கள். பதினேழாவது வேண்டுமென்றால் இரண்டு நிறங்களை அடுத்தடுத்து மாற்றி மாற்றி வைக்க வேண்டும். பக்கத்தில் பார்த்தால் வெறும் புள்ளிகள். தள்ளி நின்று பார்த்தால் புது நிறம். இதை நானாகக் கண்டுபிடித்தேன். கண்டுபிடித்த அன்று, ஜாதகம் வாங்க வந்தவரைக் காக்க வைத்துவிட்டு, மாமாவை வாசல்வரை பின்னோக்கி நடக்கவைத்துக் காட்டினேன்.

அந்த வருஷம் தீபாவளி நெருங்கும்போது கேபிள் டிவி நடத்திய அண்ணாச்சி ஒருவர் மாமாவைத் தேடி வந்தார். சினிமாவுக்கு நடுவில் கடைக்காரர்களின் வாழ்த்துகளைக் காட்ட வேண்டும். அதுவரை அட்டையில் எழுதி கேமராவுக்கு முன்னால் பிடித்துக்கொண்டிருந்தார்கள். கம்ப்யூட்டரில் செய்தால் எடுப்பாக இருக்கும் என்று மாமாதான் அவருக்கு ஆசை காட்டியிருந்தார். இது நல்லபடியாக அமைந்தால் வருஷம் முழுக்க வேலை வரும் என்று அம்மாவிடம் சொன்னார். எழுத்து மாமாவின் பொறுப்பு, பின்னால் வரும் இயற்கைக் காட்சி என் பொறுப்பு. ஜவுளிக்கடை வாழ்த்துக்கு நம் ஆறும் பாலமும் இருக்கட்டும் என்றார்.

அப்போது மூன்று நாளாக விடாத மழை. அணை நிரம்பிவிட்டது, எந்த நேரமும் திறப்பார்கள் என்று பேச்சு. நானும் அம்மாவும் தினமும் பஸ்ஸில் பாலத்தைத் தாண்டித்தான் வீட்டுக்குப் போவோம். ஆற்றை நீலமாக வரைகிற பிள்ளைகளுக்குக் கண்ணில்லை என்பது என் முடிவு. நான் அடர் சிவப்பையும் கடுகு நிறத்தையும் மாற்றி மாற்றி வைத்து, கலங்கி ஓடுகிற தாமிரபரணியைக் கொண்டுவந்துவிட்டேன். ஆற்றுக்குள் இருக்கிற கல் மண்டபத்தில்தான் சிக்கல். நிஜத்தில் தண்ணீர் அதன் படியைத்தான் தொட்டிருந்தது. ஆனால் தூண்களை வரைய எனக்கு வரவில்லை. எனவே தூண்களைத் தண்ணீரில் மூழ்கடித்தேன். மண்டபத்தின் மேல்தளம் மட்டும் வெளியே தெரிந்தது. அந்தக் கணக்குக்குப் பாலத்தையும் வெள்ளம் தொட்டாக வேண்டும். தொட்டது. மாமா பார்த்துவிட்டுத் தண்ணீர் கொஞ்சம் கூடுதலோ என்று இழுத்தார். எழுத்து வந்தால் பாதி மறைந்துவிடும் என்று அவரே சமாதானமும் சொல்லிக்கொண்டார்.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் கம்ப்யூட்டரை ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு கேபிள் ஆபீஸுக்குப் போனோம். சினிமா இடைவேளையில் என் படம் வந்தது. எழுத்து வரவில்லை. மாமா எதையெதையோ தட்டிப் பார்த்தார். கால்மணி நேரம், ஒரு வார்த்தையும் ஒரு சத்தமும் இல்லாமல், என் ஆறு மட்டும் ஊர் முழுக்க ஓடியது. அங்கிருந்த டிவியில் தள்ளி நின்று பார்த்தேன். புள்ளி எதுவும் தெரியவில்லை. மங்கலாக எடுத்த போட்டோ மாதிரியே இருந்தது. வாழ்க்கையில் அப்படி ஒரு பெருமிதம் எனக்கு அதற்குப் பிறகும் வந்ததில்லை.

முதலில் போன் வந்தது, பிறகு ஆட்கள் வந்தார்கள். கரையோரத் தெருக்காரர்கள் வெள்ளம் பாலத்தைத் தொட்டுவிட்டதைக் கேபிள்காரர்கள் நேரடியாகக் காட்டுகிறார்கள் என்று நம்பி, கையில் கிடைத்ததைத் தூக்கிக்கொண்டு மேட்டுத் தெருவுக்கு ஓடியிருக்கிறார்கள். ஒரு தையல்காரர் தைத்து வைத்திருந்த தீபாவளித் துணிகளையெல்லாம் தள்ளுவண்டியில் ஏற்றிப் போக, வண்டி சாக்கடையில் கவிழ்ந்துவிட்டது. யாரோ ஒருவர் பாலம்வரை போய்ப் பார்த்துவிட்டு, ஆறு அதன்பாட்டுக்குக் கிடக்கிறது என்று வந்து சொன்ன பிறகுதான் கூட்டம் இந்தப் பக்கம் திரும்பியது. தையல்காரர் முன்னால் நின்றார். அவர் கையில் சேறு சொட்டும் சின்னக் கவுன் ஒன்று இருந்தது.

"ரெண்டு நாள்ல தீவாளி. ஊர்ப் பிள்ளையளுக்கு நான் என்ன பதில் சொல்ல?" என்றார். கத்தவில்லை. கத்தியது மற்றவர்கள்தான்.

கேபிள் அண்ணாச்சி மாமா பக்கம் திரும்பினார். "யாருவே இதை வரைஞ்சது?"

நான் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டேன். வாயைத் திறப்பதற்குள் மாமா முந்திக்கொண்டார்.

"நாந்தான் அண்ணாச்சி."

அது என் படம். நான்கு நாள் உட்கார்ந்து வைத்த புள்ளிகள். "இல்ல, நான் வரைஞ்சேன். மாமா பொய் சொல்லுதாக" என்றேன், எல்லோருக்கும் கேட்கும்படி.

"சின்னப் பிள்ளை. ஆசையில சொல்லுது" என்றார் மாமா. எல்லோரும் அவரைத்தான் நம்பினார்கள். பத்து வயதுப் பெண் அப்படி வரைவாள் என்று நினைக்க அங்கே ஒருவருக்கும் தோன்றவில்லை.

மாமா தையல்காரரைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டார். மறுநாள் காலையில் சென்டரைப் பூட்டிவிட்டு அவர் கடைக்குப் போனார். அத்தனை துணியையும் இருவருமாக அலசினார்கள். வெயில் இல்லாததால் கரி போட்ட இஸ்திரிப் பெட்டியால் தேய்த்துத் தேய்த்தே காய வைத்தார்களாம். தீபாவளிக்கு முந்தின நாள் இருட்டும்வரை மாமா அங்கேதான் இருந்தார். கேபிள் அண்ணாச்சி அதற்குப் பிறகு அவரைக் கூப்பிடவே இல்லை. இதெல்லாம் வீட்டில் பேசிக்கொண்டபோது என் காதிலும் விழுந்தது. எனக்கு அது முக்கியமாகப் படவில்லை. என் படம் திருடு போயிருந்தது. அம்மாவிடம் முறையிட்டேன். அம்மா என்னை ஒரு நிமிஷம் பார்த்துவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டாள்.

தீபாவளியன்று மத்தியானம் மாமா வந்தார். நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். பைய வந்து பக்கத்தில் உட்கார்ந்து, சென்டருக்கு வருகிறாயா என்று கேட்டார். அங்கே போனதும் கம்ப்யூட்டரைப் போட்டு, என் படத்தைத் திறந்து, மவுஸை என் பக்கம் நகர்த்தினார்.

"உம்பேரை எழுது. எங்கன வேணும்னாலும் எழுது."

வானம் முழுக்கச் சிவப்பில் எழுதினேன். அவர் வலது கையில் இரண்டு விரலுக்குத் துணி சுற்றியிருந்தது. என்னவென்று நான் கேட்கவில்லை.

"இதை அன்னைக்கே ஒத்துக்கிட்டிருக்கலாம்லா" என்றேன்.

"ஆமா. தப்புதான்" என்றார் மாமா.

நானும் பெரிய மனசு பண்ணி அவரை மன்னித்துவிட்டேன்.