தெரியாததற்கும் ஓர் இடம்

கைபேசி அதிர்ந்தபோது காலை பதினொரு மணி இருக்கும். ரத்த வங்கி லேப் அக்கா வழக்கமாகக் கேட்கும் சாப்பிட்டாச்சா, வீட்டில் சுகமா என்ற விசாரிப்பெல்லாம் அன்று இல்லை. "தம்பி, ரெண்டு பேரை வரவச்சு ரத்தத்தைச் சோதிச்சுட்டேன். ரெண்டு பேருமே பாசிட்டிவ். லிஸ்ட்டுல நெகட்டிவ்னு இருக்கு. இன்னும் சோதிக்காத ஆளை உங்க புரோகிராம் என்னன்னு காட்டும்?" என்றார். அந்தக் கேள்வியை நான் என்னிடம் ஒருநாளும் கேட்டுக்கொண்டதில்லை என்பது அந்த நொடியில்தான் விளங்கியது.

அவர் ஓர் ஆஸ்பத்திரியின் ரத்த வங்கியில் பரிசோதனைக்கூடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தவர். என்னைவிட நாலைந்து வயது மூத்தவர். நான் காரைக்குடியில் ஆறு பேர் மட்டும் இருந்த ஒரு சின்ன மென்பொருள் நிறுவனத்தில் வேலை பார்த்தேன். ரத்தம் கொடுப்பவர்களையும் நோயாளிகளையும் பதிவுசெய்ய அவருக்கு ஒரு புரோகிராம் எழுதிக் கொடுத்திருந்தோம். அவருடைய பழைய நோட்டுகளில் சில பேர்களுக்கு நேரே 'ஓ' என்று மட்டும் எழுதியிருக்கும். பாசிட்டிவா நெகட்டிவா என்ற குறி இருக்காது. ஊர் ஊராக முகாம் போட்டபோது அவர்களே சொல்லி எழுதிக்கொண்டது அது. அந்தக் கட்டங்களைத் தரவுத்தளத்தில் நான் வெறுமையாகத்தான் விட்டிருந்தேன். அதுவரை சரி.

அன்று கீழச்சிவல்பட்டியிலிருந்து வந்திருந்த ஒரு கர்ப்பிணிக்கு மதியம் அறுவைச் சிகிச்சை. ரத்தப்போக்கு அதிகமாகலாம் என்று டாக்டர் முன்கூட்டியே சொல்லிவிட்டார். அவளுக்கு ஓ நெகட்டிவ்; அதே வகை ரத்தம்தான் ஏற்றவேண்டும். அக்கா பட்டியலைத் திறந்தால் பத்தொன்பது பேர். கிடைப்பதே அரிதான வகையில் இவ்வளவு பேரா என்று முதலில் நிம்மதியாக இருந்ததாம். அமராவதிபுதூரில் வகுப்பை விட்டுவிட்டு ஓடிவந்த ஓர் ஆசிரியையும், அவருக்குப் பின்னால் வந்த கடைக்காரரும் பாசிட்டிவ் என்று தெரிந்ததும் அந்த நிம்மதி போய்விட்டது. அந்தப் பெண்ணின் கணவர் வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்.

தவறு எங்கே என்று கண்டுபிடிக்கப் பத்து நிமிடம்கூட ஆகவில்லை. தரவுத்தளத்தில் அந்தக் கட்டம் ஆம், இல்லை, வெறுமை என்று மூன்று விதமாக இருக்கலாம். அங்கிருந்து ஒவ்வொரு வரியையும் எடுத்து, நிரலுக்குள் ஓர் ஆளின் பதிவாக மாற்றித் தருவதற்கென்று யாரோ எழுதிவைத்த ஆயத்த நிரல்தொகுப்பு ஒன்றை, லைப்ரரி என்பார்கள், பயன்படுத்தியிருந்தோம். எந்தக் கட்டம் எந்த வகையாக மாற வேண்டும் என்று அதற்குச் சொல்லவேண்டியது நான். 'பாசிட்டிவா?' என்பதற்கு ஆம், இல்லை என்ற இரண்டை மட்டுமே கொள்ளும் வகையை எழுதிவைத்திருந்தேன். வெறுமையை வைக்க இடமில்லாததால் அந்த லைப்ரரி சத்தமே போடாமல் 'இல்லை' என்று நிரப்பிக் கொடுத்துவிட்டது. சோதிக்காதவர்கள் எல்லாரும் என் திரையில் நெகட்டிவ் ஆகிவிட்டார்கள்.

நேரே தரவுத்தளத்திலேயே தேடினேன். அந்தப் பத்தொன்பது பேரில் உண்மையில் சோதித்து நெகட்டிவ் என்று பதிவானவர்கள் மூன்றே பேர். ஒருவர் துபாயில் இருந்தார். இன்னொருவர் போன மாதம்தான் ரத்தம் கொடுத்திருந்தார்; மறுபடி கொடுக்க இன்னும் நாளாகும். மூன்றாமவர் திருக்கோஷ்டியூர்க்காரர், விவசாயி. அவர் போன் அணைந்து கிடந்தது. தவறு என்னுடையது, நானே போய் அழைத்து வருகிறேன் என்று அக்காவிடம் சொன்னேன். ஏச்சு வாங்கத் தயாராக இருந்தேன். அவர் ஏசவில்லை. "குறி போடாம விட்டது நானும்தானே. போயிட்டு வாங்க. ஆனா இன்னைக்கே அதைச் சரி பண்ணிருங்க தம்பி, நாளைக்குன்னு வைக்காதீக" என்றார்.

பைக்கில் போய்ச் சேரும்வரை அந்த விவசாயி ஊரில் இருக்கவேண்டுமே என்பதைத் தவிர வேறு நினைப்பு இல்லை. அவர் மனைவி வயல் பக்கம் கைகாட்டினார். மண்வெட்டியோடு நின்றவரிடம் மூச்சுவாங்கச் சொல்லி முடித்தேன். "போன்ல சார்ஜ் இல்ல. இதுக்காகவா இம்புட்டுத் தூரம் வந்தீக? இருங்க, காலைக் கழுவிட்டு வாரேன்" என்றார், ஏதோ பக்கத்துத் தெருவுக்குக் கூப்பிட்டதைப் போல. சோதனையில் நெகட்டிவ்தான். அவர் கொடுத்த ரத்தம் அன்று அந்தப் பெண்ணுக்குத் தேவைப்பட்டது. பெண் குழந்தை. தாயும் பிள்ளையும் நலம் என்று அக்கா சொன்ன பிறகுதான் அலுவலகத்துக்குத் திரும்பினேன். மாலைக்குள் அந்த வகையை மாற்றினேன். வெறுமை வெறுமையாகவே வரும். திரையில் 'சோதிக்கவில்லை' என்று சிவப்பில் காட்டும்.

மறுநாள் காலை அக்கா மீண்டும் கூப்பிட்டார். பிரசவ வார்டிலிருந்து குழந்தையின் ரத்த மாதிரி வரவே இல்லையாம். பதிவைத் திறந்தபோது 'சோதிக்கவில்லை' என்று சிவப்பில் நின்றதால் உடனே கேட்டு வாங்கிச் சோதித்திருக்கிறார். பாசிட்டிவ். தாய் நெகட்டிவாக இருந்து குழந்தை பாசிட்டிவாக இருந்தால், தாய்க்கு மூன்று நாளுக்குள் ஓர் ஊசி போடவேண்டும். இல்லாவிட்டால் அடுத்த பிள்ளைக்கு ஆபத்து வரலாம் என்று விளக்கினார். பழைய புரோகிராம் அந்தக் குழந்தையை நெகட்டிவ் என்று காட்டியிருக்கும். ஊசியை யாரும் நினைத்திருக்க மாட்டார்கள். "ஊசி போட்டாச்சு" என்று முடித்தார்.

இப்போது அக்கா சிவகங்கைக்கு மாறிப்போய்விட்டார். நான் வேறு நிறுவனத்துக்கு, அதே காரைக்குடியில் இருந்தபடியே வேலை பார்க்கிறேன். கிறிஸ்துமஸுக்கு நான் கூப்பிடுவேன், பொங்கலுக்கு அவர் கூப்பிடுவார். போன மாதம் பண்டிகை எதுவும் இல்லாத ஒரு நாளில் அவர் அழைப்பு வந்தது. பழைய ஆஸ்பத்திரியிலிருந்து அவருக்குச் சேதி சொல்லியிருக்கிறார்கள். "அந்தக் கீழச்சிவல்பட்டிப் பொண்ணு ரெண்டாவது பிள்ளையையும் நல்லபடியா பெத்துருச்சு தம்பி. பையன். ஒரு குறையும் இல்லையாம்" என்றார். பிறகு அவர், சாப்பிட்டீகளா என்று கேட்டார்.