உங்கள் பதிவு பரிசீலனையில் உள்ளது

காலை எட்டு மணிக்கு என் அலைபேசி ‘டிங்’ என்று கூப்பிட்டு, “தண்ணீர் குடிக்க நேரமாகிவிட்டது, கலா!” என்கிறது. பத்து மணிக்கு மறுபடியும். ஒரு நாளைக்கு எட்டு முறை, ஒவ்வொரு முறையும் திரையில் ஒரு நீல டம்ளர் துள்ளிக் குதிக்கிறது. என் சிறுநீரகங்கள் இரண்டும் வேலையை விட்டு ஆறு வருடம் ஆகிறது. நாள் முழுவதற்கும் எனக்கு அனுமதி முக்கால் லிட்டர். குழம்பும் காபியும் அதற்குள்ளேயே அடக்கம். அதற்கு மேல் போனால் நுரையீரலில் நீர் கோத்துக்கொள்ளும். இந்த நினைவூட்டலை அனுப்புவது ஏதோ ஊர் பேர் தெரியாத செயலி இல்லை. டயாலிசிஸ் நோயாளிகளுக்கென்றே தமிழில் நடந்துவந்த எங்கள் மன்றத்தை வாங்கி, அதன் மேல் கட்டிய செயலி. அதை நிறுத்தும் பொத்தானை நான் தேடாத இடமில்லை.

தக்கலையிலிருந்து ஐயப்பன்தாங்கலுக்கு வந்தவள் தன்னைப் புலம்பெயர்ந்தவள் என்று சொல்லிக்கொண்டால் ஊரில் சிரிப்பீர்கள். ஒரு ராத்திரி ரயில்தானே என்பீர்கள். ஆனால் நான் குடிக்க வெள்ளம் கேட்டால் இங்கே கடைக்காரர் மழையைப் பற்றிப் பேசுகிறார். வேலையும் விட்டாயிற்று, உடம்பும் இப்படி ஆயிற்று, இன்னும் ஏன் அங்கே கிடக்கிறாய் என்று நீங்கள் போனில் கேட்கும்போதெல்லாம் மழுப்பியிருக்கிறேன். உண்மையைச் சொல்ல வெட்கமாக இருந்தது. இங்கே எனக்கு ஆள் இருந்தார்கள். அவர்களை எனக்குச் சேர்த்துக் கொடுத்தது ஓர் இணையப் பக்கம். அந்தப் பக்கத்தின் ஆட்களில் நிறையப் பேர் பூந்தமல்லி, ஆவடி, திருநின்றவூர் பக்கம் இருந்தவர்கள்.

பூந்தமல்லியில் எனக்கு முதன்முதலாக டயாலிசிஸ் நடந்தபோது பக்கத்துக் கட்டிலில் ஏழுமலை அண்ணன் படுத்திருந்தார். நசரத்பேட்டைக்காரர். அவர்கள் குடும்பம் பயிர் செய்த நிலத்தில் இப்போது யாருடையதோ கிடங்கு நிற்கிறது. அவர் ஷேர் ஆட்டோ ஓட்டினார். மரியாதைக்கு எப்படி இருக்கிறீர்கள் என்று கேட்டேன். “கீறேன், தங்கச்சி” என்றார். எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. ஊசி ஏற்றும் கையைக் கீறக் கூடாது, சொறியக் கூடாது என்று அன்று காலைதான் எனக்குப் பாடம் நடத்தியிருந்தார்கள். இவர் கையைக் கீறுகிறாராம் என்று கத்தி சிஸ்டரைக் கூப்பிட்டுவிட்டேன். விஷயம் புரிந்ததும் வார்டே சிரித்தது. இருக்கிறேன் என்பதைத்தான் அவர் அப்படிச் சொன்னார் என்று சிஸ்டர் எனக்கு மொழிபெயர்த்தார்.

மன்றத்தின் பெயர் சல்லடை. திருநின்றவூரில் தொலைபேசித் துறையில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற ஒருவர், அவரும் நோயாளிதான், வீட்டிலிருந்தே நடத்தினார். எல்லோருக்கும் அவர் ‘சார்’. வெள்ளைப் பக்கம், பச்சைத் தலைப்பு, படம் கிடையாது. யார் கடைசியாக எழுதினார்களோ அது மேலே இருக்கும், அவ்வளவுதான். கட்டிலில் நடந்த கூத்தை நான் அங்கே எழுதினேன். அடுத்த ஞாயிறு, கோயம்புத்தூர்க்காரர் ஒருவர் வேடிக்கையாக “கீறேன்” என்று ஒற்றை வார்த்தை போட்டார். அதுவே வழக்கமாகிவிட்டது. எங்களில் பலருக்கு வெள்ளிக்கு அடுத்த டயாலிசிஸ் திங்கள்தான். ஞாயிறு மாலைதான் உடம்பில் நீர் ஏறி நிற்கும் நேரம். ஞாயிறு ஆறு மணிக்குள் எல்லோரும் கீறேன் என்று போட வேண்டும். போடாதவருக்கு சார் போன் செய்வார். எடுக்காவிட்டால் பக்கத்தில் யார் இருக்கிறார்களோ அவர்கள் போய்ப் பார்ப்பார்கள். ஒரு ஞாயிறு நான் போடவில்லை. வீட்டுக்காரர் வேலைக்குப் போயிருந்தார், எனக்கு எழுந்து உட்காரவே முடியவில்லை. ஏழுமலை அண்ணன் ஆட்டோவில் வந்து, வாட்ச்மேனோடு மாடியேறி, என்னை அள்ளிக்கொண்டு போய் ஆஸ்பத்திரியில் சேர்த்தார். அந்த ஒரு வார்த்தையால் உயிரோடு இருப்பவள் நான்.

பிறகு சார் தவறிவிட்டார். வெளிநாட்டில் இருக்கும் அவர் மகளால் இதைக் கட்டி மேய்க்க முடியவில்லை. ஒரு ஆரோக்கியக் கம்பெனியிடம் கொடுத்தார். அவரைக் குறை சொல்ல மாட்டேன், மூடிவிடுவதற்குப் பதில் யாராவது நடத்தட்டும் என்றுதான் நினைத்தார். கம்பெனி வந்ததும் பக்கம் அழகாகிவிட்டது. பழைய உரையாடல்கள் எங்கோ போயின. புதியவை வந்த வரிசையில் நிற்காமல், இதயக்குறி அதிகம் வாங்கியவை மேலே வந்தன. சிறுநீரகத்தைச் சுத்தம் செய்யும் பொடிக்கு விளம்பரம் வந்தது. நானும் அம்பத்தூரில் ஒரு மென்பொருள் கம்பெனியில் டெஸ்டராக இருந்தவள்தான். பழைய பக்கங்களை மூடிப் புதியதைத் திறந்த நாட்களில் நாங்கள் கேக் வெட்டியிருக்கிறோம். அந்தப் பழைய பக்கத்தில் யார் இருந்தார்கள் என்று ஒருநாளும் நான் கேட்டதில்லை.

முதல் ஞாயிறே கீறேன் என்று போட்ட பதிவுகள் காணாமல் போயின. பதிலாக, நீங்கள் தனியாக இல்லை என்று ஓர் உதவி எண் வந்தது. கம்பெனிக்குப் போன் செய்தேன். ஒரு பெண் மிகவும் கனிவாகப் பேசினாள். தன்னைத்தானே காயப்படுத்திக்கொள்வதைக் குறிக்கும் சொற்களை இயந்திரமே மறைத்துவிடுமாம். கீறேன் என்றால் இருக்கேன் என்று பொருள், உயிரோடு இருக்கேன் என்று பொருள் என்று சொன்னேன்.

“அப்ப ‘இருக்கேன்’னே டைப் பண்ணச் சொல்லுங்க மேம்” என்றாள்.

நியாயமான பேச்சுதான். எல்லோரும் இனி கீறேன் என்று போடாதீர்கள் என்று ஓர் அறிவிப்பு எழுதினேன். அந்தச் சொல் அதில் இருந்ததால் அதுவும் மறைந்தது. வேறு மாதிரி எழுதினேன். சமையல் வீடியோக்களுக்கு அடியில் அதை யாரும் பார்க்கவில்லை. சிலர் வாட்ஸ்அப்புக்குப் போனார்கள், அங்கே இரண்டு குழு ஆயிற்று. பலர் எங்கே போனார்கள் என்றே தெரியவில்லை. டயாலிசிஸில் எனக்குக் காலை ஷிப்ட், ஏழுமலை அண்ணனுக்கு மதியம் என்று மாறியிருந்தது. அவருக்கு யாராவது சொல்லியிருப்பார்கள் என்று நினைத்துக்கொண்டேன். நான் சொல்லவில்லை.

ஒரு திங்கட்கிழமை அவருடைய கட்டில் காலியாக இருந்தது என்று சிஸ்டர் மறுநாள் போன் செய்தார். நசரத்பேட்டைக்குப் போனேன். எல்லாம் முடிந்துவிட்டிருந்தது. அவர் மனைவி என் கையில் அவருடைய போனைக் கொடுத்தார். ஞாயிறு மாலை ஐந்தரைக்கு ஒரு பதிவு: “கீறேன். படுத்தா மூச்சு வாங்குது. இன்னா பண்றது, யார்னா சொல்லுங்க.” அதற்குக் கீழே சாம்பல் எழுத்தில், உங்கள் பதிவு பரிசீலனையில் உள்ளது என்று இருந்தது. எழுதியவருக்கு மட்டும் தெரியும் பதிவு அது. அதே ஞாயிறு மாலை நானும் செயலியைத் திறந்திருந்தேன். உப்பில்லாத ஊறுகாய் செய்முறை ஒன்றைப் பார்த்துவிட்டு மூடினேன்.

“ஆஸ்பத்திரி போலாம்னு சொல்லிகினே இருந்தேன். கொஞ்சம் இரு, அவங்க சொல்லுவாங்கன்னு அத்தயே பாத்துகினு குந்தினு இருந்தாரு” என்றார் அவர் மனைவி. “நீங்க யாரும் ஒண்ணும் சொல்லலியேம்மா.”

என் எண் அண்ணனிடம் இருந்ததே என்று கேட்டேன். ஞாயிற்றுக்கிழமை, வீட்டுக்காரர் வீட்டில் இருக்கும் நேரம், தங்கச்சியைத் தொந்தரவு செய்யக் கூடாது என்றாராம். மன்றத்தில் கேட்டால் யாருக்கும் தொந்தரவு இல்லை. கை ஒழிந்தவர் பதில் சொல்வார். அதுதான் அந்தப் பக்கத்தின் அருமை, அதை நம்பித்தான் அவர் உட்கார்ந்திருந்தார். இயந்திரம் மறைத்தது என்று நான் அவர் மனைவிக்கு விளக்கினேன். தலையை ஆட்டினார். நம்பினாரா என்று தெரியாது. நானே என்னை நம்பவில்லை.

கம்பெனிக்கு எழுதினேன், மறுபடி எழுதினேன். மூன்று மாதம் கழித்து, நேற்று முன்தினம் பதில் வந்தது. கருத்துக்கு நன்றி, அந்தச் சொல் பட்டியலிலிருந்து நீக்கப்பட்டுவிட்டது, நிறுத்திவைத்த பதிவுகள் வெளியிடப்படும் என்று. அதை நான் படித்தது டயாலிசிஸ் கட்டிலில். இடது கை ஊசியோடு இயந்திரத்தில் இருந்தது. வலது கையால் செயலியைத் திறந்தேன். இதயக்குறிகள் குவிந்து எல்லாவற்றுக்கும் மேலே, ‘இப்போது’ என்ற நேரக் குறிப்போடு ஏழுமலை அண்ணனின் பதிவு நின்றது.

கீழே பதில்கள் வந்துகொண்டே இருந்தன. எல்லாம் எனக்குத் தெரியாத பெயர்கள், புதிதாக நோய் கண்டவர்கள். படுக்காதீங்க அண்ணா, நிமிர்ந்து உட்காருங்க என்று ஒருவர். நாளை வரை காத்திருக்காதீங்க, உடனே கிளம்புங்க என்று இன்னொருவர். எல்லாமே சரியான பதில்கள். சார் இருந்திருந்தால் இதையேதான் சொல்லியிருப்பார். கடைசியாக ஒரு பையன் எழுதியிருந்தான்: “நான் பூந்தமல்லிதாண்ணா. வண்டி கீது, இப்பவே வரேன். அட்ரஸ் சொல்லுங்க.”

கேள்விக்குறி போட்டு மறுபடியும் கேட்டான். இடது கையை அசைக்க முடியாமல், வலது கட்டைவிரலைத் திரைக்கு மேலே வைத்தபடி படுத்திருந்தேன். முகவரி எனக்குத் தெரியும்.