6174-இல் மாட்டிக்கொண்டேன்

இன்று பினாங்குப் பாலத்தின் நட்டநடுவில் ஜாம். நான் வாடகைக் காரின் பின்சீட்டில். கதவைத் திறந்து இறங்கினால் கடல்தான்.

மடியிலிருந்த விடைத்தாள் கட்டைப் பார்த்து, "டீச்சர் என்ன பாடம்?" என்றார் ஓட்டுநர்.

கணக்கு என்று சொன்னது என் தப்பு.

"அப்ப நாலு இலக்க நம்பர் ஒன்னு சொல்லுங்க டீச்சர். இன்னைக்கு லாட்டரி குலுக்கல் லா."

நம்பரில் மந்திரமில்லை என்று புரியவைக்க நினைத்தேன். முன்னால் நின்ற கார் 2918. இலக்கங்களை இறங்குவரிசையில் அடுக்கி, அதிலிருந்து ஏறுவரிசையைக் கழிக்கச் சொன்னேன். 9821-இல் 1289 போனால் 8532. அதையும் அப்படியே செய்தால் 6174. அதற்குப் பிறகு எத்தனை முறை செய்தாலும் 6174தான்.

"நாலும் ஒரே இலக்கமா இல்லாட்டி, எந்த நம்பரும் கடைசியில இங்கதான் வந்து மாட்டும் அண்ணே. வெறும் கணக்கு."

கைப்பேசியில் தன் கார் நம்பரைப் போட்டுப் பார்த்தார். 6174. பக்கத்து லாரி. 6174.

"ரோட்டுல இருக்கிற எல்லா வண்டியும் ஒரே நம்பரச் சொல்லுது, நீங்க வெறும் கணக்குங்கிறீங்க!"

உடனே நண்பர்களுக்கு வாய்ஸ் மெசேஜ் பறந்தது. "டேய், கணக்கு டீச்சரே கொடுத்த நம்பர்டா! கன்ஃபர்ம் லா!"

"ஐயோ, நான் கொடுக்கல அண்ணே!" என்று நான் கத்தியதும் அதில் பதிவாகியிருக்கும்.

கெலுகோரில் இறக்கிவிட்டு, எங்கள் அடுக்குமாடியை அண்ணாந்து பார்த்தார். "எத்தனாவது மாடி டீச்சர்?"

அந்த நம்பர் விழாவிட்டால் திட்டுவார்கள், அதோடு முடிந்தது. விழுந்துவிட்டால்?

கெலுகோரை விட்டுத் தள்ளி, பாயான் பாரு பக்கம் வாடகை வீடு இருந்தால் சொல்லுங்கள். வீட்டு நம்பர் மட்டும் நாலு இலக்கத்தில் வேண்டாம்.